விடைக்குறிப்பு இல்லாத தேர்வு

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூடுகை ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரையைத் தொடங்கும் முன் ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நான் செய்த தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பாசிரியராக இருந்த வகுப்பில் 39 பிள்ளைகள். காலாண்டுத் தேர்வின் கணித மதிப்பெண்களைக் கணினியில் எக்செல் தாளில் ஏற்றினேன். முதல் வரிசையில் தலைப்பு. இரண்டாம் வரிசையிலிருந்து பிள்ளைகளின் பெயர்கள். சராசரி 58 என்று வந்தது. 35-க்குக் கீழே எடுத்தவர்களின் பட்டியலையும் அதே தாளிலிருந்து எடுத்தேன். பட்டியலில் இருந்தவர்களை மாலைச் சிறப்பு வகுப்புக்கு வரச் சொன்னேன். தலைமையாசிரியரின் கையொப்பமும் ஆயிற்று. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை குழு பிரிப்பதற்காக அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். பதிவேட்டு வரிசையில் இருந்த பெயர்களை மதிப்பெண் வரிசைக்கு மாற்றினார்; அதிக மதிப்பெண் மேலே, குறைந்த மதிப்பெண் கீழே. மாற்றியதும் என்னைக் கூப்பிட்டார். "சார், இவ்வளவு நேரம் சராசரி 58-ன்னு இருந்துச்சு. இப்ப 58.5 காட்டுதே?"

பெயர்களின் வரிசையை மாற்றினால் சராசரி மாறலாமா? ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் மாறக் கூடாது என்றுதான் சொல்லும். இருவரும் உட்கார்ந்து தேடினோம். 39 பிள்ளைகள், ஒரு தலைப்பு. ஆக 40 வரிசைகள். நான் எழுதிய சூத்திரமோ 39-ஆம் வரிசையோடு நின்றுவிட்டது. கடைசி வரிசையில் இருந்தவள், அந்த ஆண்டு தாமதமாகச் சேர்ந்த ஒரு மாணவி. அவள் எடுத்தது 28. அவளை விட்டுவிட்டுக் கணக்கிட்டதால் சராசரி 58. மதிப்பெண் வரிசைக்கு மாற்றியபோது 9 எடுத்த ஒரு பையன் கடைசிக்குப் போனான். இப்போது அவன் விடுபட, சராசரி 58.5 ஆனது. உண்மையான சராசரி 57.2.

சராசரியில் அரை மதிப்பெண் கூடினால் குடி முழுகிவிடாது. ஆனால், சிறப்பு வகுப்புப் பட்டியலும் அதே 39 வரிசைகளிலிருந்துதான் வந்தது. அந்தப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் அவளை யாரும் மாலை வகுப்புக்கு அழைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை. அவளும் வாய் திறந்து கேட்கவில்லை.

இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். சரியான சராசரி எவ்வளவு என்று அந்த ஆசிரியைக்குத் தெரியாது. அவர் கையில் விடைக்குறிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் விடை தவறு என்று கண்டுபிடித்துவிட்டார். இது எப்படி முடிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் உழைத்த ஓர் ஆய்வாளரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் பெயர் டி.ஒய்.சென். மென்பொருள் சோதனை என்னும் துறையைச் சேர்ந்தவர். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும் ஆய்வு முதுநிலைப் பட்டமும் பெற்றார்; லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் முதுநிலை படித்தார்; ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மெல்பர்ன் நகரிலேயே உள்ள ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மென்பொருளுக்கும் தேர்வு உண்டு

மென்பொருள் சோதனை என்றால் என்ன? நாம் செய்யும் விடைத்தாள் திருத்தும் வேலைதான் அதுவும். ஒரு நிரலுக்கு ஒரு கேள்வி கொடுக்கிறோம்; அது ஒரு விடை தருகிறது; அந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிடுகிறோம். ஒத்துப்போனால் தேர்ச்சி, இல்லையென்றால் நிரலில் பிழை இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சரியான விடையை யார் தருவது? 12-ஐயும் 15-ஐயும் கூட்டும் நிரல் என்றால் விடை நமக்கே தெரியும். நாளைய வானிலையைக் கணிக்கும் நிரலுக்கு? கோடிக்கணக்கான மரபணு எழுத்துகளை ஒப்பிடும் நிரலுக்கு? விடை தெரியாததால்தானே அந்த நிரலையே எழுதினோம்! இந்தத் துறையினர் விடைக்குறிப்பை ஆரக்கிள் என்று அழைக்கிறார்கள். பழைய கிரேக்கத்தில் கோயில்களில் குறி சொன்னவர்களுக்கு வழங்கிய சொல் அது. அந்தக் குறி கிடைக்காத நிலைக்கு ஆரக்கிள் சிக்கல் என்று பெயர். இத்தகைய நிரல்களை எப்படிச் சோதிப்பது என்று 1982-இலேயே எலைன் வேயுக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரையில் எழுப்பிய கேள்வி இன்றளவும் பேசப்படுகிறது.

அந்தக் காலத்தில் இன்னொரு கருத்தும் வலுவாக இருந்தது. பிழையைக் காட்டிக் கொடுக்கும் சோதனைதான் வெற்றி பெற்ற சோதனை. நிரல் சரியாக விடை சொல்லிவிட்டால் அந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை என்று பலரும் எண்ணினார்கள். கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-இல் எழுதிய, மென்பொருள் சோதனைக் கலை பற்றிய புகழ்பெற்ற நூலும் இந்தப் பார்வையைத்தான் முன்வைத்தது.

சென் இதை வேறு விதமாகப் பார்த்தார். தேர்ச்சி பெற்ற சோதனையிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அதைக் கொண்டே அடுத்த கேள்வியை உருவாக்கலாம் என்றார். 1998-இல் எஸ்.சி.சியுங், எஸ்.எம்.யியு ஆகியோருடன் சேர்ந்து இந்த எண்ணத்தை எழுதினார். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை அதைத் தொழில்நுட்ப அறிக்கையாக வெளியிட்டது. இந்த முறைக்கு மெட்டமார்ஃபிக் டெஸ்டிங் என்று பெயர். தமிழில் உருமாற்றச் சோதனை எனலாம்.

ஒரு கேள்வியிலிருந்து இன்னொரு கேள்வி

முறை எளிமையானது. சைன் மதிப்பைக் கணக்கிடும் ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கநிலை ஆசிரியர்கள் சைன் என்றதும் கவலைப்பட வேண்டாம். அதன் மதிப்பு நமக்குத் தேவையே இல்லை. 29.8 பாகைக்கு சைன் மதிப்பைக் கேட்கிறோம். ஏதோ ஓர் எண் வருகிறது. சரியா, தவறா? தெரியாது. ஆனால் ஒன்று தெரியும்: ஒரு கோணத்துக்கும், 180-இலிருந்து அதைக் கழித்தால் வரும் கோணத்துக்கும் சைன் மதிப்பு ஒன்றே. ஆகவே 150.2 பாகைக்கும் கேட்கிறோம். இரண்டு விடைகளும் வேறுபட்டால், நிரலில் பிழை இருப்பது உறுதி. எந்த விடை தவறு என்று தெரியாது. இரண்டும் தவறாகவும் இருக்கலாம். ஆனால் பிழை பிடிபட்டுவிட்டது. விடைக்குறிப்பு தேவைப்படவில்லை.

அலைபேசியில் வழி காட்டும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு மிகக் குறைந்த தூரம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். பிறகு, வழியில் ஓர் ஊரைச் சொல்லி, அந்த ஊர் வழியாகப் போனால் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இப்போது தூரம் சமமாக இருக்கலாம், கூடலாம், குறையவே கூடாது. குறைந்தால் முதலில் சொன்னது மிகக் குறைந்த தூரம் இல்லை என்றாகிவிடும். உண்மையான தூரம் உங்களுக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

என் தாளில் நடந்ததும் இதுதான். வரிசையை மாற்றினால் சராசரி மாறக் கூடாது என்பது ஓர் உறவு. எல்லாருக்கும் ஐந்து மதிப்பெண் கூட்டினால் சராசரியும் சரியாக ஐந்து கூட வேண்டும் என்பது இன்னோர் உறவு. எங்கள் அறிவியல் ஆசிரியை உருமாற்றச் சோதனை என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே அதைச் செய்திருக்கிறார்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. எந்தக் கோணத்தைக் கேட்டாலும் பூஜ்யம் என்றே சொல்லும் ஒரு சோம்பேறி நிரலை நினைத்துப் பாருங்கள். 29.8-க்கும் பூஜ்யம், 150.2-க்கும் பூஜ்யம். உறவு அழகாகப் பொருந்துகிறது. நிரலோ முழுக்கத் தவறு. அதனால் ஒரே உறவை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. சைனின் வர்க்கத்தையும் கோசைனின் வர்க்கத்தையும் கூட்டினால் 1 வர வேண்டும் என்பது போன்ற வேறு வகை உறவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை உறவுகள் பொருந்தினாலும் நிரல் முழுக்கச் சரி என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. பொருந்தாத ஓர் உறவு மட்டும் பிழைக்கு உறுதியான சான்று.

சென் இந்த ஒன்றோடு நின்றுவிடவில்லை. 2004-இல் தம் சக ஆய்வாளர்களுடன் தகவமைப்புச் சமவாய்ப்புச் சோதனை என்னும் முறையை வெளியிட்டார். பிழைகள் பெரும்பாலும் கூட்டமாக, ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். ஆகவே சோதனைக் கேள்விகளை ஓரிடத்தில் குவிக்காமல் பரவலாகத் தூவ வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே பாடத்திலிருந்து ஐந்து கேள்வி கேட்பதைவிட ஐந்து பாடங்களிலிருந்து ஒவ்வொன்று கேட்பது நல்லது என்று நமக்கும் தெரியும்தானே?

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

இப்போது இன்னொரு கேள்விக்கு வருவோம். ஓர் ஆய்வாளரின் பணி சிறந்தது என்பதை எப்படி அளப்பது? இன்று உலகம் முழுவதும் பயன்படும் முதன்மையான அளவுகோல் மேற்கோள் எண்ணிக்கை. ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை, பின்னால் வரும் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்ற கணக்கு அது. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். யார் யாரைச் சுட்டினார்கள் என்று தேடிப் பார்க்கும் வசதி அதனால் கிடைத்தது. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீட்டை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை சுட்டப்பட்டிருந்தால், 21 கட்டுரைகளுக்கு அப்படி 21 முறை கிடைக்காதிருந்தால், அவருடைய எச்-குறியீடு 20.

கணித ஆசிரியர்கள் உடனே இதன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 1,000 முறை சுட்டப்பட்டாலும் அவருடைய எச்-குறியீடு 1 தான்!

இதழ்களை அளக்கத் தாக்கக் காரணி என்று ஒன்று உண்டு. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை சுட்டப்பட்டன என்று அது பார்க்கிறது. சென்னின் 1998 அறிக்கையை இந்த அளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அது எந்த இதழிலும் வரவில்லை; ஒரு துறையின் உள் அறிக்கையாக வந்தது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் கட்டணமின்றிக் கட்டுரைகளைப் பகிரும் ஆர்க்கைவ் களஞ்சியத்தில் அது ஏற்றப்பட்டதே 2020 பிப்ரவரியில்தான். எழுதி 22 ஆண்டுகள் கழித்து!

அந்த 22 ஆண்டுகளில் அறிக்கையின் எண்ணம் மெல்ல மெல்லக் கை மாறி வளர்ந்தது. 1998 முதல் 2015 வரை உருமாற்றச் சோதனை பற்றி வெளியான 119 கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஸ்பெயின் நாட்டின் செர்ஜியோ செகுரா முதலானோர் 2016-இல் ஒரு விரிவான மதிப்பாய்வை வெளியிட்டார்கள். அதே 2016-இல் இந்தப் பொருளுக்கென்றே பன்னாட்டுப் பயிலரங்கு தொடங்கியது. பின்னாளில், அமெரிக்காவின் கணினியியல் சங்கமான ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் பொறியியல் பிரிவு, சிறந்த ஆய்வுக்கான தன் விருதை இந்தப் பணிக்காகச் சென்னுக்கு வழங்கியது.

எண்ணிக்கை பெருகிவிட்டது, விருதும் வந்துவிட்டது. அப்படியானால் பணி சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? நாம் ஆசிரியர்கள், அவ்வளவு எளிதில் மதிப்பெண் போட்டுவிட மாட்டோம். மேற்கோள்களிலும் பலவகை உண்டு. ஒரு கட்டுரையை மறுப்பதற்காகச் சுட்டினாலும் கணக்கில் ஒன்றுதான். தன்னைத் தானே சுட்டிக்கொண்டாலும் ஒன்றுதான். கணிதத்தில் மேற்கோள்கள் குறைவாகவும் மருத்துவத்தில் மிகுதியாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இதழின் தாக்கக் காரணியை வைத்துத் தனி ஒருவரின் ஆய்வுத் தரத்தை முடிவு செய்யாதீர்கள் என்று 2012-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய அறிவியல் இதழாசிரியர்கள் ஓர் அறிக்கையே உருவாக்கினார்கள்.

அப்படியென்றால் ஒரு வாழ்நாள் பணியின் மதிப்புக்கு விடைக்குறிப்பு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அதுவும் ஓர் ஆரக்கிள் சிக்கல்தான். சென் நிரல்களுக்குச் சொன்ன வழியையே அவருடைய பணிக்கும் பொருத்திப் பார்ப்போம். ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், நிலைமையை மாற்றி மாற்றிக் கேட்போம்.

முதல் மாற்றம்: சென்னும் அவருடைய குழுவினரும் எழுதியவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் எண்ணம் நிற்கிறதா? கலிபோர்னியாவில் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஒரு குழு 2014-இல் கம்பைலர்களைச் சோதித்தது. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர். ஒரு நிரலை ஒரு குறிப்பிட்ட உள்ளீட்டுக்கு ஓட்டும்போது சில வரிகள் ஓடவே ஓடா. ஓடாத வரிகளை நீக்கினாலும் மாற்றினாலும் அந்த உள்ளீட்டுக்கு விடை மாறக் கூடாது அல்லவா? மாறினால் கம்பைலரில் பிழை. இந்த ஓர் உறவை வைத்து, உலகமே பயன்படுத்தும் ஜிசிசி, எல்எல்விஎம் என்ற இரண்டு கம்பைலர்களில் 147 பிழைகளை அவர்கள் கண்டறிந்தார்கள். உருமாற்றச் சோதனைக்கு வலுவான எடுத்துக்காட்டாக இந்த ஆய்வு இன்று காட்டப்படுகிறது.

இரண்டாவது மாற்றம்: துறையை மாற்றினால் பயன் இருக்கிறதா? 2009-இல் சென்னும் சக ஆய்வாளர்களும் உயிரித் தகவலியல் நிரல்களுக்கு இதைப் பொருத்திக் காட்டினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் கணினியில் படம் வரையும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். படத்தைப் பாதிக்காத ஒரு மாற்றத்தை நிரலில் செய்தால் திரையில் அதே படம்தான் வர வேண்டும் என்பது அவர்களுடைய உறவு. அதற்காக அவர்கள் தொடங்கிய கிராஃபிக்ஸ்ஃபஸ் நிறுவனத்தை 2018-இல் கூகுள் வாங்கிக்கொண்டது.

மூன்றாவது மாற்றம்: எல்லாரும் பார்த்து முடித்த ஒன்றைக் கொடுத்தால் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கிறதா? சீமென்ஸ் தொகுப்பு என்று ஏழு சிறு நிரல்கள் உண்டு. 1994 முதல் சோதனை ஆய்வாளர்கள் அவற்றை மாதிரியாக வைத்துத்தான் தங்கள் முறைகளை ஒப்பிட்டு வந்தார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் பலர் கைபட்ட நிரல்கள். உருமாற்றச் சோதனை அவற்றில் மூன்று நிரல்களில் புதிய பிழைகளைக் கண்டது. பலர் திருத்திக் கையொப்பமிட்ட விடைத்தாளில் கூட்டல் பிழை கண்டுபிடிப்பது போல!

நான்காவது மாற்றம்: மேற்கோள் எண்ணிக்கையையே மறைத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? 2021-இல் திருத்தி வெளியிடப்பட்ட, மென்பொருள் சோதனைக்கான பன்னாட்டுத் தர ஆவணத்தில் இந்த முறையும் ஒரு நுட்பமாக இடம்பெற்றது. இன்னொன்றும் மிஞ்சுகிறது. சென்னுடன் இணைந்து முன்பு கட்டுரைகள் எழுதிய சூ, ஆஸ்திரேலியாவின் வல்லங்காங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது சுன் என்ற சக ஆய்வாளருடன் ஓட்டுநர் இல்லாக் கார்களைச் சோதித்தார். பைடு நிறுவனத்தின் அப்பல்லோ மென்பொருளில், முன்னால் இருக்கும் தடைகளை உணரும் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். கார் போகும் பாதைக்கு வெளியே சில தூசிப் புள்ளிகள் கூடுதலாக இருந்தால், பாதைக்குள் தெரிந்த தடை மறையக் கூடாது என்பது உறவு. மறைந்தது. வெளியே வெறும் 10 புள்ளிகளைச் சேர்த்தபோதே உள்ளே இருந்த தடைகளைத் தவறவிடும் நிலை வந்தது. அவர்கள் இதைக் கண்டறிந்த எட்டு நாட்கள் கழித்து, 2018 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வேறொரு நிறுவனத்தின் தானியங்கிக் கார் மோதிச் சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். அந்தக் காரில் இருந்தது வேறு மென்பொருள். ஆனால் தடையை உணரத் தவறினால் என்ன நடக்கும் என்பதை உலகம் அன்று பார்த்தது.

நான்கு வகையாகக் கேட்டுப் பார்த்தோம். பணி நிலைத்து நிற்கிறது. இப்போது எனக்கு அந்த எண்ணிக்கையின் மீது நம்பிக்கை வருகிறது. எண் பெரியது என்பதால் வந்த நம்பிக்கை இல்லை இது. மாற்றிக் கேட்டபோதும் கலையவில்லை என்பதால் வந்தது.

நம் வகுப்பறைக்கு

ஆசிரியத் தோழர்களே, இதை நாளைக்கே வகுப்பில் செய்து பார்க்கலாம். மூன்றாம் வகுப்பில் 47-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொல்கிறோம். கூட்டி முடித்த பிள்ளையிடம் சரி, தவறு சொல்லாமல், 48-ஐயும் 37-ஐயும் கூட்டிப் பார் என்று சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வர வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஐந்தாம் வகுப்பில் 25-ஐ 16-ஆல் பெருக்கியவரை, 50-ஐ 8-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுத்தலில் ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வர வேண்டும் என்று நாம் காலங்காலமாகச் சொல்லித் தருகிறோமே, அதுவும் இத்தகைய ஓர் உறவுதான். விடை சரியா என்று ஒவ்வொரு முறையும் நம் முகத்தைப் பார்க்கும் பிள்ளை, மெல்ல மெல்லத் தன் விடையைத் தானே பார்க்கப் பழகும்.

மேல்நிலை வகுப்புகளில் இன்று பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வீட்டுப்பாடம் கேட்கிறார்கள். கேட்காதே என்று சொன்னால் நிற்கப்போவதில்லை. அதே கேள்வியை இரண்டு விதமாகக் கேள் என்று சொல்லிக் கொடுப்போம். எண்களை இரு மடங்காக்கிக் கேள். விடையும் உரிய அளவு மாறுகிறதா பார். கணக்கில் வரும் ஆளின் பெயரை மாற்றிக் கேள். விடை மாறக் கூடாது. இரண்டு விடைகள் முரண்பட்டால் ஒன்றாவது தவறு என்பது உறுதி. அங்கிருந்து அந்தப் பிள்ளை பாடநூலைத் திறக்கும்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளைப் பற்றி நாம் எழுதும் எண்களையும் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை 28 எடுத்தது என்றால், வினாவை வாய்மொழியாகக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? வேறு நாளில் தேர்வு வைத்திருந்தால்? முன்வரிசையில் உட்கார வைத்திருந்தால்? விடை பெரிதாக மாறும் என்று தோன்றினால், அந்த 28 பிள்ளையை அளக்கவில்லை. வேறு எதையோ அளந்திருக்கிறது. நம் தேர்ச்சி விழுக்காட்டுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாமல் நம் வேலை நடக்காது. ஒரே எண்ணை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிட வேண்டாம் என்கிறேன்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பிழை தெரிந்த மறுநாள் மாலை அவளையும் அழைத்தேன். அவள் வந்து உட்கார்ந்து, "சார், என் பேரு லிஸ்ட்ல இல்லன்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள். என்னுடைய தவறம்மா, விட்டுவிட்டேன் என்று சொன்னேன். இரண்டு மாதப் பாடத்தை அவளோடு உட்கார்ந்து திரும்பவும் நடத்தினேன். ஆனால் அவள் கேட்காமல் காத்திருந்த அந்த இரண்டு மாதத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அன்று முதல் எந்தப் பட்டியலையும் கையொப்பத்துக்கு அனுப்பும் முன், வரிசையை ஒருமுறை மாற்றிப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. நீங்களும் செய்து பாருங்கள்.